பத்தாவது சான்றிதழா, முதல் விற்பனையா?

*கற்றுக்கொண்டே இருப்பவர்கள் ஒரு பக்கம். கற்காமலே குதிப்பவர்கள் மறுபக்கம். தொழில் கனவு எங்கே மாட்டிக்கொள்கிறது? எங்கே வழி பிறக்கிறது?*

"அக்கா, போன தடவை குடுத்த பருப்புப் பொடி பிரமாதம். மக ஊர்லருந்து வந்திருக்கா. கால் கிலோ போட்டுக் குடுங்க. எவ்வளவுன்னு சொல்லுங்க."

மதுரையில் என் சித்தி வீட்டு வாசலில் எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தார். கையில் பர்ஸ் திறந்தே இருந்தது. "இதோ வந்துட்டேன்" என்று சித்தி அடுப்படிக்குள் போனார். டப்பாவைத் திறந்தார். கவரில் பொடியை அள்ளிப் போட்டார். வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நூறா, எண்பதா என்று தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. வாசலுக்குத் திரும்பியவர் கடைசியில் சொன்னது இதுதான்: "இருக்கட்டும்மா, எடுத்துட்டுப் போ. நமக்குள்ள என்ன காசு?"

அந்த வீட்டு பீரோவில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கிறது. உள்ளே ஒன்பது சான்றிதழ்கள். தையல், மெழுகுவத்தி, சணல் பை, ஊறுகாய், காளான், கேக், மசாலாப் பொடி, சிறுதானியப் பலகாரம், கடைசியாகச் செல்போன் வழி விற்பனை. எட்டு வருட உழைப்பு அது. ஒன்பது வகுப்பு முடித்தவருக்கு ஒருவர் முகத்தைப் பார்த்து 'நூறு ரூபாய்' என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்படி ஒரு ஃபைல் பல வீடுகளில் இருக்கிறது. இளைஞர்களிடம் அது செல்போனுக்குள் இருக்கிறது: பாதி பார்த்த ஆன்லைன் வகுப்புகள், சேமித்து வைத்த வீடியோக்கள். இன்னொரு பக்கம், ஒரே ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு நகையை அடகு வைத்து மெஷின் இறக்கியவர்களும் இருக்கிறார்கள். முதல் வகையினருக்கு வருடங்கள் போகின்றன. இரண்டாம் வகையினருக்கு வீடே போகிறது. இருவருக்கும் நாம் சொல்லும் அறிவுரையோ தலைகீழாக இருக்கிறது. தயங்குபவரிடம் "இன்னும் கொஞ்சம் கத்துக்கோ" என்கிறோம். துள்ளுபவரிடம் "தைரியமா இறங்கு" என்கிறோம்.

வகுப்பறை ஏன் சுகமாக இருக்கிறது?

வகுப்பில் யாரும் நம்மை வேண்டாம் என்று சொல்வதில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் போதும், கடைசி நாளில் சான்றிதழும் குரூப் போட்டோவும் நிச்சயம். கடைத்தெரு அப்படி இல்லை. பத்துக் கடை ஏறினால் எட்டுக் கடையில் "வேணாம்மா, ஏற்கெனவே ஒருத்தர் போடுறாரு" என்ற பதில் வரும். அந்த எட்டு 'வேணாம்' மீது இருக்கும் பயத்துக்கு வகுப்பு ஒரு நல்ல மறைவிடம்.

பெண்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. "கிளாசுக்குப் போயிட்டு வரேன்" என்றால் பல வீடுகளில் அனுமதி கிடைக்கும். "கடைக்குச் சரக்குப் போட்டுட்டு வரேன்" என்றால் கேள்வி வரும். வகுப்பு என்பது வீட்டைவிட்டு வெளியே வர ஒரு மரியாதையான வழி. அந்த வழியை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அந்த வழி வகுப்பு வாசலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் வேதனை.

இதன் விலை வெறும் கட்டணம் மட்டும் இல்லை. மூன்றாவது வகுப்புக்குப் போகும்போது ஆவலாக விசாரித்த கணவரும் பிள்ளைகளும் ஏழாவது வகுப்பின்போது எதுவும் கேட்பதில்லை. வீட்டாரின் நம்பிக்கை சத்தமில்லாமல் தேய்கிறது. தன் மேல் தனக்கு உள்ள நம்பிக்கையும் கூடவே தேய்கிறது. 'இவ்வளவு படித்தும் செய்யவில்லையே, எனக்கு வராதோ' என்ற எண்ணம் வந்துவிட்டால், அதைப் போக்க எந்த வகுப்பும் இல்லை.

அதைப் போக்குவது கடைத்தெருதான். 1980-களில் சென்னை மெரினா கடற்கரையில் தள்ளுவண்டி போட்டவர் பட்ரீசியா நாராயண். முதல் நாள் அவர் விற்றது ஒரே ஒரு காபி. வருமானம் 50 பைசா. பிறகு பல உணவகங்களை நடத்தி, 2010-ல் ஃபிக்கி என்ற தொழில் கூட்டமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருது பெற்றார். சமையல் அவருக்கு முன்பே தெரியும். வீட்டிலேயே ஊறுகாய், ஜாம் போட்டு விற்றுப் பழகியவர். மெரினாவில் என்ன விற்கும், எந்த நேரத்தில் விற்கும் என்பதைத் தள்ளுவண்டிதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க முடியும்.

குதித்தவர்கள் கொடுத்த விலை

ஈமு கோழியை மேற்கு மாவட்டங்கள் இன்னும் மறக்கவில்லை. பெருந்துறை வட்டாரத்தில் தொடங்கிய ஈமு பண்ணைத் திட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். கோழியும் தீவனமும் தருகிறோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்பது வாக்குறுதி. 2012-ல் எல்லாம் சரிந்தது. ஏமாற்றியவர்கள் குற்றவாளிகள், அதில் சந்தேகமே இல்லை. பணத்தைத் தொலைத்தவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் அந்தக் காயத்திலிருந்து எடுக்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. 'கடைசியில் இந்தக் கறியை வாங்கிச் சாப்பிடப் போவது யார்?' என்ற கேள்வியோடு நாலு கறிக்கடைக்குப் போயிருந்தால், அந்த அரை நாள் கல்வி பல குடும்பங்களைக் காப்பாற்றியிருக்கும்.

சிறிய அளவில் இதே கதை தினமும் நடக்கிறது. பேப்பர் கப் மெஷின், பாக்குமட்டைத் தட்டு மெஷின், எண்ணெய்ச் செக்கு என்று வாங்கிப் போட்டு, தார்ப்பாய் மூடிக் கிடக்கும் கொட்டகைகளை நம் ஊர்ப்பக்கம் நிறையப் பார்க்கலாம். ஓடாத மெஷினுக்கும் வட்டி ஓடும். மானியம் இருக்கிறதே என்று சிலர் நினைக்கிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் உண்டு. ஆனால் அந்தத் தொகை கையில் வராது. வங்கியில் 3 ஆண்டுகள் வைப்பாக இருக்கும். தொழில் ஓடினால்தான் அது நம் கடனில் கழியும். மானியத்தை நம்பிக் கணக்குப் போட்டவருக்கு முதல் வருடத்திலேயே மூச்சு முட்டுவது இதனால்தான்.

இரண்டே கேள்விகள்

எவ்வளவு கற்றபின் இறங்கலாம்? எல்லாத் தொழிலுக்கும் ஒரே பதில் கிடையாது. இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்த்தால் அவரவர் தொழிலுக்கான பதில் கிடைத்துவிடும். ஒன்று: நான் செய்யும் தவறு எத்தனை நாளில் தெரியவரும்? இரண்டு: அந்தத் தவறு யார் தலையில் விழும்?

இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். இரவு அரைத்தால் காலையில் தெரிந்துவிடும். உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகும், வாடிக்கையாளர் மறுநாளே சொல்லிவிடுவார். ஒரு மாதத்தில் முப்பது பாடம். இங்கே வகுப்பில் உட்காருவதைவிட இரண்டு கிலோ அரிசி நனைப்பது நல்லது.

மாவடு அப்படி இல்லை. வருடத்துக்கு ஒரு சீசன். உப்பில் கை தவறினால் திருத்தப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். ஆடு வளர்ப்பும் அப்படித்தான். சினைக்காலம் மட்டுமே ஐந்து மாதம். குட்டி வளர்ந்து சந்தைக்குப் போகும்வரை தவறான தேர்வு வெளியே தெரியாது. இப்படிப்பட்ட தொழிலில் முதலில் இன்னொருவர் பண்ணையில் ஒரு சுற்று வேலை பார்ப்பதே அறிவு.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது சிப்பிக் காளான். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஒருநாள் பயிற்சி தருகிறது. நறுக்கிய வைக்கோலை ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் உலர்த்தி, பாலித்தீன் பையில் வைக்கோல் ஓர் அடுக்கு, வித்து ஓர் அடுக்கு என்று நிரப்ப வேண்டும். சுமார் 15 முதல் 20 நாளில் பை முழுக்க வெள்ளைப் பூசணம் பரவும். இப்படி நிரப்பிய பைதான் படுக்கை. ஒரு படுக்கையின் ஆயுள் ஏறத்தாழ 45 நாள். இவை எல்லாம் பயிற்சிக் கையேட்டில் இருக்கும். ஆனால் வைக்கோலின் பக்குவம் கையில்தான் இருக்கிறது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் நனைய வேண்டும். அது இதுதான் என்று விரலுக்குத் தெரிய ஐந்தாறு படுக்கையாவது கெட்டுப்போக வேண்டும். பச்சைப் பூஞ்சை பிடித்த பையை ஒருமுறை தூக்கி எறிந்தவர் அந்தப் பக்குவத்தை மறக்கவே மாட்டார். அதனால் ஆயிரம் பைக்குக் குடில் போடும் முன்னால், பத்துப் பையை வீட்டின் இருட்டு மூலையில் தொங்கவிடுவதுதான் சரியான கணக்கு. கூடவே இன்னொன்று: பறித்த காளான் வெளியில் வைத்தால் ஒரு நாளுக்கு மேல் தாங்காது. காளான் முளைக்கும் முன் வாடிக்கையாளர் முளைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். தவறு நம் தலையில் விழுந்தால் நஷ்டம். வாடிக்கையாளர் வயிற்றிலோ, வேலை செய்பவர் கையிலோ விழுந்தால் அது பாவம். அந்த இடத்தில் 'செய்துகொண்டே கற்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

---

எது முன்னால்? எது போகப் போக?

*இறங்கும் முன் கட்டாயம் தெரிய வேண்டியவை*

- உணவு என்றால் சுத்தம், கெடாமல் காக்கும் முறை, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. லேபிளில் சேர்மானம், எடை, தயாரித்த தேதி, பதிவு எண் ஆகியவை.
- மின்சாரம், கொதிகலன், ரசாயனம் இருந்தால் அவற்றின் பாதுகாப்பு.
- கடன் என்றால் மாதத் தவணை எவ்வளவு, விற்பனையே இல்லாத மாதத்தில் அதை எங்கிருந்து கட்டுவது என்ற கணக்கு.
- பிள்ளைகள், நோயாளிகள், முதியோர் தொடர்பான தொழில் என்றால் முறையான பயிற்சி.

*நடத்திக்கொண்டே கற்கக்கூடியவை*

- பெயர், லோகோ, பாக்கெட் அழகு
- விலையை ஏற்றி இறக்கிப் பார்ப்பது
- எந்தத் தெரு, எந்தக் கடை, எந்த நேரம்
- சமூக ஊடக விளம்பரம்
- கணினியில் கணக்கு (முதல் ஆறு மாதத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்)

---

கல்லாப்பெட்டி என்ற பள்ளிக்கூடம்

கற்பதும் செய்வதும் வேறு வேறு என்பது நம் வணிக மரபில் இருந்ததே இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்ற காலத்தில், சிறுவயதிலேயே பிள்ளைகளைப் 'பெட்டியடிப் பையன்' என்று கடைக்கு அனுப்பினார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏவின வேலையைச் செய்து, ஐந்தொகை எழுதப் பழகி, பிறகு அடுத்தாள், அதன்பின் ஏஜெண்டு என்று படிப்படியாக உயர்ந்து, கடைசியில் சொந்தக் கடை. அந்தப் பையன் கற்றது மற்றவர் போட்ட முதலை வைத்து. முக்கியமாக, கடன் கேட்டு வருபவர் முகத்தைப் படிக்க அவன் கற்றது பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

திருப்பூரின் கதையும் இதுவே. பனியன் கம்பெனியில் டெய்லருக்குக் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்து, ஓவர்லாக் பழகி, பிறகு சிறிதாக ஒரு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, அங்கிருந்து முதலாளியானவர்கள் அந்த ஊரில் ஏராளம். அது எப்படி முடிந்தது? நிட்டிங், சாயம், பிரிண்டிங், தையல், செக்கிங் என்று வேலை துண்டு துண்டாகப் பிரிந்திருந்ததால், ஒருவர் ஒரு துண்டை மட்டும் கற்று, அந்த ஒரு துண்டோடு இறங்க முடிந்தது. முழுத் தொழிலையும் தெரிந்துகொண்டுதான் தொடங்குவேன் என்று ஒருவரும் காத்திருக்கவில்லை.

இன்றைக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. பேக்கரி வைக்க ஆசைப்படுபவர் ஆயிரக்கணக்கில் கட்டிப் படிக்கும் முன், ஆறு மாதம் ஒரு பேக்கரியில் சம்பளத்துக்குச் சேரலாம். மிஞ்சிப்போன பன் எத்தனை, அதை எங்கே தள்ளுகிறார்கள், மைதாக் கடைக்கு எத்தனை நாள் பாக்கி என்பதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் வராது. படித்த பிள்ளை கடையில் வேலை பார்ப்பதா என்ற கௌரவத்தை மட்டும் வீட்டில் கழற்றி வைக்க வேண்டும்.

தோல்வி எழுதிய பாடத்திட்டம்

கோவை அருணாசலம் முருகானந்தத்தை எல்லோருக்கும் தெரியும். மலிவு விலை நாப்கின் தயாரிக்கும் எளிய இயந்திரத்தை உருவாக்கியவர். 2016-ல் பத்மஸ்ரீ. அவர் கற்ற வரிசையைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

பள்ளியைப் பதினான்கு வயதில் விட்டவர். பட்டறை வேலை தெரியும். 1998-ல் திருமணம். மனைவி பழந்துணி பயன்படுத்துவதைப் பார்த்துப் பஞ்சில் ஒரு நாப்கின் செய்து கொடுத்தார். அது தோற்றது. உறிஞ்ச வேண்டியதை உறிஞ்சவில்லை. கடையில் விற்பது எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. அது சாதாரணப் பஞ்சில்லை, மரக்கூழிலிருந்து எடுத்த செல்லுலோஸ் என்று கண்டுபிடிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது. அதன்பின்தான் இயந்திரம். கோடிக்கணக்கில் விலை வைத்திருந்த பெரிய இயந்திரத்தின் வேலையை, அரைத்தல், அழுத்துதல், ஒட்டுதல், கிருமிநீக்குதல் என்று பிரித்து எளிமையாகச் செய்தார். பட்டறை அனுபவம் அங்கே கைகொடுத்தது.

பொருள் அறிவியல் படித்துவிட்டு அவர் தொடங்கவில்லை. தோற்றுப்போன ஒரு நாப்கின்தான் அவரைப் பொருள் அறிவியலுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அடுத்து என்ன படிக்கவேண்டும் என்பதை ஒவ்வொரு தோல்வியும் எழுதிக் கொடுத்தது. அந்த வருடங்களில் குடும்பமும் ஊரும் அவரை விட்டு விலகியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செய்து கற்பது இலவசக் கல்வி இல்லை. அதனால்தான் முதல் தவறைச் சிறியதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

---

தட்டவேண்டிய கதவுகள்

- ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம்: மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்துவது. பயிற்சி இலவசம். 1982-ல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய நிலையமே இதற்கு முன்மாதிரி.
- தஞ்சாவூர் நிஃப்டெம்: உணவுப் பதப்படுத்தும் தொழிலுக்கான மத்திய அரசு நிறுவனம். மெஷின் வாங்கும் முன் அங்குள்ள இயந்திரங்களில் நம் பொருளைச் செய்து பார்க்கலாம்.
- மாவட்டத் தொழில் மையம்: தமிழக அரசின் 'நீட்ஸ்' உள்ளிட்ட மானியக் கடன் திட்டங்களுக்கு முதல் படி.
- உத்யம் பதிவு: ஜூலை 2020 முதல் நடைமுறையில். ஆன்லைனில் இலவசம். இதற்குப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.
- முத்ரா கடன்: 2015 முதல். 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை.

---

பத்து நாள் பயிற்சி, இரண்டு வருடத் துணை

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களின் விதியில் ஓர் அருமையான அம்சம் உண்டு. பயிற்சி பெரும்பாலும் சில நாட்கள் அல்லது சில வாரங்கள்தான். ஆனால் பயிற்சி பெற்றவரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து கைபிடித்து நடத்த வேண்டும். கடன் கிடைத்ததா, தொழில் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். சமநிலை என்று நாம் தேடுவது இந்த விகிதத்திலேயே ஒளிந்திருக்கிறது: கற்பது கொஞ்சம், செய்யும்போது துணை அதிகம்.

பயிற்சி தரும் எல்லா அமைப்புகளும் இதைத் தங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்பதை ஆண்டறிக்கையில் போடுவதைவிட, எத்தனை பேர் முதல் பில் போட்டார்கள் என்பதைப் போடட்டும். கடைசி நாளில் குரூப் போட்டோ எடுப்பதற்குப் பதில், எல்லோரையும் அவரவர் செய்த பொருளோடு பக்கத்து வாரச்சந்தைக்கு அனுப்பட்டும். விற்றவருக்கும் விற்காதவருக்கும் மறுநாள் காலையில் ஒரு வகுப்பு வைக்கட்டும். கேள்விகள் அன்றைக்குத்தான் உண்மையானவையாக இருக்கும்.

நூறு ரூபாய்

எதிர்வீட்டுப் பெண் பொடியை வாங்கிப் போன அன்று இரவு, சித்தியும் நானும் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தோம். துவரம்பருப்பு, மிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, கேஸ், மில்லுக்கு அரைப்புக் கூலி, கவர். எல்லாம் எழுதி முடித்தபின் "உங்க கூலி எங்க சித்தி?" என்று கேட்டேன். "என் கூலியா?" என்று என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். அதையும் எழுதினோம். கால் கிலோ நூறு ரூபாய் என்று வந்தது. அதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வாசல் கதவில் ஒட்டினோம். வாயால் சொல்ல முடியாததை முதல் மாதம் அந்த அட்டை சொன்னது. இரண்டாம் மாதம் சித்தியே சொன்னார்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கி, தெருமுனை மளிகைக் கடையில் இருபது பாக்கெட் போட்டார். மூன்று வாரத்தில் பதினொன்று திரும்பி வந்தன. பொடி கட்டிதட்டி, லேசாக வாடை அடித்தது. அன்று முழுக்க அவர் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தட்டில் கொட்டி, விரலால் நசுக்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கறிவேப்பிலை சரியாக மொறுமொறுக்கும் முன் இறக்கிவிட்டோமோ? சூடு ஆறும் முன் கட்டிவிட்டோமோ? கவர் மெல்லிசோ?

அடுத்த வாரம் உணவு பேக்கிங் பற்றி ஒருநாள் வகுப்பு நடந்தது. சித்தி போனார். ஈரப்பதம் பற்றிப் பாடம் தொடங்கியதுமே எழுந்து நின்று, பையிலிருந்து அந்தக் கெட்டுப்போன பாக்கெட்டை எடுத்து மேசை மேல் வைத்து, "இது ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். மீதி வகுப்பு அந்தப் பாக்கெட்டைச் சுற்றியே நடந்ததாம்.

மாலையில் வீடு திரும்பியவரிடம் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். வாங்க மறந்துவிட்டு வந்திருந்தார்.